பார்வைக்கு வயது சுமார்

நம்முடைய விமர்சகர்கள் கதையை வாசிக்கிறார்கள், கவிதையை வாசிக்கிறார்கள். பிரதி, வாசிப்பு, சொல்லாடல் என்று வருஷக்கணக்கில் பேசிக் களைத்தும் விட்டார்கள். ஆனால் நம் ஜனங்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த காகிதங்களை யாரும் பிரதியாக எடுத்து வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. பட்டா, அடங்கல், எஃப்.ஐ.ஆர்., பண்ணையார் வீட்டுக் கடன் பத்திரம், சாதிச் சான்றிதழ். இவையும் எழுத்துத்தான். இவற்றுக்கும் எழுதியவன் ஒருவன் உண்டு, எழுதப்பட்டவன் ஒருவன் உண்டு. சாதிச் சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் காய்ந்த கதையையாவது நம்மில் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த காகிதம் ஒன்று இருக்கிறது. வேலை உத்தரவு கைக்கு வந்தபிறகு, முதல் நாள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய மெடிக்கல் சர்டிபிகேட். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டால், "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க" என்கிறார்கள். அந்தச் சும்மாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அரசாங்க வேலைக்கு முதல்முறையாகச் சேருகிறவர் கொடுக்கும் உடற்தகுதிச் சான்றின் வாசகம் வெள்ளைக்காரன் காலத்தது. துறைக்குத் துறை ஒன்றிரண்டு வார்த்தை மாறும், அவ்வளவுதான். அதன் சாரம் இது: இன்ன துறையில் வேலைக்கு வந்திருக்கும் இன்னாரை நான் சோதித்தேன், அவரிடம் நோயோ, உடம்பின் பலவீனமோ, அங்கக் குறையோ இருப்பதாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, இன்னது தவிர, அதையும் இந்த வேலைக்குத் தடையென்று நான் கருதவில்லை, அவர் சொல்லும்படி அவர் வயது இவ்வளவு, பார்வைக்கு வயது சுமார் இவ்வளவு. கீழே டாக்டர் கையெழுத்து, முத்திரை. எங்காவது ஓரத்தில் அங்க அடையாளம் இரண்டு: இடது முழங்காலில் தழும்பு, வலது தோளில் மச்சம்.

இதை மெதுவாக வாசிக்க வேண்டும். 'ஆரோக்கியமாக இருக்கிறார்' என்று இந்தக் காகிதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. வீட்டைச் சோதனை போட்டுவிட்டு, பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிற போலீஸ்காரர் பாஷை இது. எதையோ மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான், இன்றைக்குச் சிக்கவில்லை என்கிற தொனி. 'நான்' என்று பேசுகிறவர் டாக்டர். வேலைக்கு வந்தவர் முழுக்க 'அவர்'. அவருக்குப் பேச இடம் கிடைப்பது ஒரே ஓரிடத்தில், 'அவர் சொல்லும்படி' வயது இவ்வளவு என்கிற இடத்தில். அவர் வாய் திறந்த அடுத்த நொடியே டாக்டரின் கண் குறுக்கே வந்து, பார்வைக்கு வயது சுமார் இவ்வளவு என்று திருத்துகிறது. வேலையைப் பற்றி இந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது? துறையின் பெயர் இருக்கிறது. அந்த வேலை உடம்பை என்ன செய்யும், எத்தனை மணி நேரம், எந்தப் புகையில், எந்தச் சேற்றில், எந்தப் பாரத்தின் கீழ் என்று ஒரு வரி கிடையாது. உடம்புக்கு இத்தனை கட்டம் போட்டவர்கள் வேலைக்கு ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

பிறந்த தேதியைப் பதிந்து வைக்கிற வழக்கம் பரவாத காலத்தில் 'பார்வைக்கு வயது' தேவைப்பட்டிருக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தேதி அச்சாகி வருகிற காலத்திலும் அந்த வரி போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று என்னால் விட முடியவில்லை. காரணம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1989இல். ஒரு மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். காலை எட்டு மணிக்கே பதினோரு பேர் நின்றோம். வாசலில் இருந்த ஆள் ஒவ்வொருவராக விசாரித்தார். என்னிடம், "எந்த ஊரு? ஊருலயா, காலனியிலயா?" என்றார். மெடிக்கலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற துணிச்சல் அப்போது இல்லை. காலனி என்றேன். உள்ளே டாக்டர் என்னை நாற்காலிக்கு இரண்டு முழம் தள்ளி நிற்கச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே ஒரு தரம் வைத்தார். நாக்கை நீட்டச் சொன்னார். எனக்கு முன்னால் போன பையன், ரைஸ்மில்காரர் மகன், அவனுக்குக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சிரித்துப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. என் காகிதம் வந்ததும் பார்த்தேன். நான் சொன்ன வயது 23. பார்வைக்கு வயது சுமார் 30. ரைஸ்மில் பையனுக்குச் சொன்னதும் 23, பார்வைக்கும் 23. வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். "வெயில்ல நின்ன மூஞ்சி வேற எப்படிடா இருக்கும்" என்றார். நான் நாலாவது படிக்கும்போதிலிருந்தே விடுமுறைக்கெல்லாம் கரும்பு வெட்டப் போனவன்.

அந்த ஏழு வருஷம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் படிவம் கேட்காது. கண்ணில் தெரிவதை எழுதிக்கொள்ளும். அதற்குக் காரணமான கரும்புக் கொல்லை அதற்குத் தெரியாது. இதைத் தனிப்பட்ட ஒரு டாக்டரின் கெட்ட புத்தி என்று முடித்துவிடலாம். ஆனால் அவர் பொய் எழுதவில்லை. பார்வைக்கு நான் முப்பது வயசுக்காரன்தான். சாதி உடம்பில் செய்ததை உடம்பின் குணமாகப் பதிந்துகொள்ளும்படிதான் அந்த வரியே அமைந்திருக்கிறது.

தொடாமல் பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்பேத்கர் எழுதி வைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் ஒருவரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்திருப்பார். 1929 டிசம்பரில் காந்தியின் யங் இந்தியாவில் வந்த கடிதம் அது. பிரசவித்த மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். பெரிய மனிதர்கள் சொல்லி, இரண்டு ரூபாய் பீஸ் கொடுத்து, அந்தப் பெண்ணைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்து கிடத்திய பிறகுதான் வருகிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் புருஷன் கையில் கொடுக்கிறார். புருஷன் மனைவிக்கு வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். எட்ட நின்றபடியே நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார் டாக்டர். அந்தப் பெண் செத்துப்போகிறாள். அந்தத் தெர்மாமீட்டர் போன வழியும், என் சட்டைமேல் வைத்த ஸ்டெதஸ்கோப்பும் ஒன்றல்ல. எனக்கு உயிர் போகவில்லை, வேலை கிடைத்தது. ஆனாலும் மருத்துவக் கண் சாதி பார்க்காது, அது விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த இரண்டு தூரத்தையும் அளந்து பார்க்கட்டும்.

இன்னொரு பக்கம், தொடுவதும் பார்ப்பதும் அளவு மீறிப் போகிற இடங்கள் உண்டு. "சட்டையக் கழட்டு." இது எல்லாச் சோதனையிலும் வருகிற உத்தரவு. மற்றவனுக்கு இது ஒரு நிமிஷக் கூச்சம். நமக்கு அப்படியில்லை. தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தெருவில் சட்டை போட்டு நடந்ததற்காக அடி வாங்கிய ஊர்கள் நம் ஊர்கள். சட்டை என்பது துணி மட்டும் இல்லை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைக் கழற்றச் சொல்கிறவர் 'கழட்டுங்க' என்கிறாரா, 'கழட்றா' என்கிறாரா என்பதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

அப்படிக் கழற்றிய நெஞ்சில்தான் 2018 ஏப்ரல் கடைசியில் பேனாவால் எழுதினார்கள். மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்ட ஆஸ்பத்திரி. போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்குத் தேர்வாகி, மெடிக்கலுக்கு வந்து வரிசையில் நின்ற பையன்கள். வெறும் மார்பில் எஸ்.சி., எஸ்.டி. என்று எழுதி நிறுத்தியிருந்தார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது. சத்தம் கிளம்பியதும் அதிகாரிகள் கொடுத்த விளக்கம்: ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உயரத்திலும் மார்பளவிலும் தளர்வு உண்டு, அளக்கும்போது தப்பு நடந்துவிடக் கூடாதே என்று குறித்தோம். தேசிய மனித உரிமை ஆணையம் தானே முன்வந்து மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். ஒவ்வொருவனுக்கும் வரிசை எண் இருந்தது. கையில் காகிதம் இருந்தது, காகிதத்தில் பிரிவு இருந்தது. அளக்கிறவர் காகிதத்தைப் பார்த்தால் போதும். காகிதம் இருக்க நெஞ்சுக்கு ஏன் போனது பேனா? எழுதியவருக்கு அதில் தப்பே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மாட்டுச் சந்தையில் வாங்கிய மாட்டுக்குக் குறி போடுகிறவனுக்கு என்ன குற்ற உணர்வு இருக்கும்? அந்தப் பையன்கள் ஏன் துடைத்துவிட்டுப் போகவில்லை என்று நம்மவர்களே சிலர் கேட்டார்கள். வேலை உத்தரவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அந்த நேரத்தில் எவன் துடைப்பான்?

அந்தத் தளர்வு என்கிற சொல்லையும் விடக்கூடாது. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர். எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி.க்கு 167. இந்த மூன்று சென்டிமீட்டரைச் சலுகை என்கிறார்கள். 'கோட்டாவுல குள்ளனையெல்லாம் எடுக்குறான்' என்று டீக்கடையில் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். ஒரு தலைமுறையின் உயரம் அதற்கு முந்தின தலைமுறைகள் தின்ற சோற்றில் இருக்கிறது. கர்ப்பத்தில் தாய் தின்றது, முதல் இரண்டு வருஷம் பிள்ளை தின்றது, அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு, இதெல்லாம் சேர்ந்ததுதான் எலும்பின் நீளம். இது டாக்டர்களே சொல்வது. ஆக அந்த மூன்று சென்டிமீட்டர் நமக்குக் கொடுத்தது இல்லை. நம்மிடமிருந்து எடுத்தது. எடுத்ததில் கொஞ்சத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வேலைக்குப் போகிற உடம்பைச் சலித்து எடுக்கிற இந்தப் பழக்கம் நம் ஜனங்களுக்குச் சர்க்கார் வேலையோடு வந்ததில்லை. அதற்கு ரொம்ப முந்தியே தேயிலையோடு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பறையர், பள்ளர், அருந்ததியர் கணிசம். 1914இல் பாம்பன் பாலத்து வழியாக ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபின் அந்தக் கூட்டம் மண்டபம் முகாம் வழியாகப் போனது. அங்கே தடுத்து வைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்று தெரிய எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத்தைக் கழுத்தில் மாட்டிவிட்ட காலமும் உண்டு. தார் ஆஸ்பத்திரிப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தகரம்தான். கொக்கிப்புழு மருந்து நல்லதுதானே என்றால், நல்லதுதான். வெறுங்காலோடு மலச்சேற்றில் நடக்கிறவனுக்கு அந்தப் புழு திரும்ப ஏறும். செருப்பும் கக்கூஸும் கொடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால், மருந்து ஆளுக்குக் கொடுத்ததா, கொழுந்துக்குக் கொடுத்ததா என்று கேட்க இடமிருக்கிறது. 1983க்குப் பிறகு அதே மண்டபத்தில்தான் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களையும் இறக்கி வைத்தார்கள்.

இப்போது கப்பல் இல்லை, ஃபிளைட். வளைகுடா போகிறவர்களுக்குக் 'காம்கா மெடிக்கல்' என்றால் தெரியாத ஊரில்லை. இப்போது அதற்கு வேறு பெயர் வந்துவிட்டது. சனங்கள் வாயில் இன்னும் காம்காதான். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, பெண்ணாக இருந்தால் கர்ப்பச் சோதனை. செலவு போகிறவன் தலையில். எக்ஸ்ரேயில் பழைய காசநோயின் தழும்பு தெரிந்தாலே போதும், அன்ஃபிட். நோய் ஆறி வருஷங்கள் ஆகியிருக்கலாம், அவனால் ஒருத்தருக்கும் தொற்று வராமல் இருக்கலாம். தழும்பு தழும்புதான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. சின்ன வயசில் டி.பி. வந்தது, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு, அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கும் வந்தது. மாத்திரையை ஒழுங்காகத் தின்று முடித்தான். சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். கம்பி கட்டுகிற வேலைக்குச் சவுதிக்குப் போக ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டினான். மெடிக்கலில் அடித்துவிட்டார்கள். ஏஜெண்டு பாதிப் பணம்தான் திருப்பினான். அன்றிலிருந்து ஊரில் அவனுக்குப் பேரே 'அன்ஃபிட்டு'. "அன்ஃபிட்டு எங்கடா?" "அன்ஃபிட்டு ஏரிக்கரையில நிக்குது." பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பேரே கல்யாணத்தை நிறுத்தியது. இத்தனைக்கும் அவன் இன்றைக்கும் கம்பிதான் கட்டுகிறான், இங்கே, அதே பாரத்தைத் தூக்கிக்கொண்டு. வேலைக்கு லாயக்கில்லாத உடம்பென்றால் அந்த வேலையை யார் செய்துகொண்டிருக்கிறார்கள்?

பெண்கள் விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. இரண்டு மூன்றை மட்டும் சொல்லிப் போகிறேன். எல்.ஐ.சி. தன் வேலைக்கு வந்த பெண்களிடம் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது, எத்தனை தடவை கர்ப்பம் தரித்தீர்கள் என்று படிவத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. நீரா மாத்தூர் என்பவரை அந்தப் படிவத்தில் உண்மை சொல்லவில்லை என்று காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்கியது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. மானமுள்ள எந்தப் பெண்ணும் பதில் சொல்லக் கூசுகிற அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது. கேள்வி காகிதத்திலிருந்து போயிற்று. 2018இல், தார் சம்பவம் வெளிவந்த அதே நாட்களில், பிண்ட் மாவட்டத்தில் ஆண்களையும் பெண்களையும் ஒரே அறையில் வைத்துப் போலீஸ் மெடிக்கல் நடத்தியது வெளியே வந்தது. 2020 பிப்ரவரியில் சூரத் மாநகராட்சியில் பயிற்சி முடித்து நிரந்தரமாக வேண்டிய பெண் கிளார்க்குகளைக் கூட்டமாக நிர்வாணமாக நிற்கவைத்துச் சோதித்ததாகவும், கல்யாணம் ஆகாதவர்களிடமும் கர்ப்பம் பற்றிக் கேட்டதாகவும் புகார் எழுந்தது. படித்து, பரீட்சை எழுதி, கிளார்க்காகப் போகிற பெண்ணுக்கே இது. குப்பை அள்ளக் காண்டிராக்டில் போகிற பெண்ணைப் பற்றிப் புகார் எழுதுவதற்குக்கூட ஒரு காகிதம் கிடையாது.

பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1997இல் தீர்ப்பான வழக்கு ஒன்று எனக்குப் பல முறை யோசனையில் வரும். வழக்குப் போட்டவர் பெயர் எம்.எக்ஸ். எதிர்த்தரப்பு இசட்.ஒய். நிஜப் பெயர்கள் இல்லை, எச்.ஐ.வி. உள்ளவர் என்பதால் பெயரை மறைத்து வழக்காட நீதிமன்றம் அனுமதித்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தினக்கூலி. நிரந்தரமாக்க வேண்டிய கட்டம் வந்தது, மெடிக்கல் வந்தது. ரத்தத்தில் கிருமி. மற்றபடி வேலை செய்யத் தகுதியானவர் என்று டாக்டர்களே சொன்னபிறகும் வேலை இல்லை என்றது நிறுவனம். வேலையைச் செய்ய முடிகிறவரை, மற்றவர்களுக்கு ஆபத்தில்லாதவரை, கிருமியைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்பதையே தடுத்துவிட்டது. நல்ல தீர்ப்பு, நல்ல சட்டம். (அந்த வழக்கில் நிறுவனத்தின் பெயரும் மறைந்துபோனது. அதற்கென்ன நோய் என்று தெரியவில்லை.) நான் கவனிக்கச் சொல்வது வேறு. தினக்கூலியாக இருந்த வரைக்கும் அந்த ஆளின் ரத்தம் எவருக்கும் தேவைப்படவில்லை. நிரந்தரம் என்றதும், பி.எஃப்., பென்ஷன், குடும்பத்துக்கு வைத்தியம் என்று நிறுவனத்துக்குச் செலவு வருகிற நேரத்தில்தான் அவன் கையில் ஊசி ஏறியது.

"அப்ப மெடிக்கலே வேணாங்கிறியா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ரயில் ஓட்டுகிறவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரிய வேண்டாமா? தெரிய வேண்டும். இந்த விஷயத்தில் ரயில்வேக்காரர்கள் மற்றவர்களைவிட நேர்மை என்று எனக்குத் தோன்றும். அவர்களுடைய மருத்துவக் கையேட்டில் வேலைகளை ஏ, பி, சி என்று பிரித்து, பார்வைச் சோதனை யாருடைய நலனுக்காக என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். ஏ பிரிவு பொதுமக்கள் பாதுகாப்புக்காக. பி பிரிவு, தண்டவாளம் பராமரிக்கிறவர் வருகிற பிரிவு, அந்தத் தொழிலாளி நலனுக்காகவும் கூட வேலை செய்கிறவர் நலனுக்காகவும். சி பிரிவு நிர்வாகத்தின் நலனுக்காக மட்டும். யாருக்காக என்று ஒரு வரி. இந்த வரி மற்றப் படிவங்களில் இருந்தால் பாதிப் பொய் உடைந்துவிடும். பெரும்பாலான இடத்தில் நடப்பது சி, பேசுவது பி.

நிஜமாகவே பி தேவைப்படுகிற வேலைகள் எவை? சாக்கடைக் குழிக்குள் இறங்குகிற வேலை. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், பிராணவாயுப் பற்றாக்குறை. அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறவரைக்கும் கொஞ்சம் தப்பிக்க வழியுண்டு. வாயு கூடினால் மூக்கே செத்துவிடும், நாற்றம் நின்றுவிடும், சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் இறங்குவான். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல், மஞ்சள் காமாலை, கையில் காலில் ஆறாத புண். இந்த வேலைக்குக் கூப்பிடுகிறவன் எந்தச் சர்டிபிகேட்டும் கேட்பதில்லை. நெஞ்சு எக்ஸ்ரே கேட்பதில்லை, பார்வைக்கு வயது கேட்பதில்லை. சாயந்திரம் வந்து, "ரெண்டு பேர் வாங்கடா, அடைச்சிக்கிச்சு" என்பான். ஒரு குவார்ட்டர், கொஞ்சம் ரூபாய். 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவியில்லாமல் மனிதனைச் சாக்கடையில் இறக்குவது குற்றம். இறங்கிச் செத்தால் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. செத்தவனின் தொகை ஏறிக்கொண்டு வருகிறது. இறங்குகிறவர்களின் சாதி மட்டும் மாறவில்லை. அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு டாக்டர் முழு உடம்பையும் தொட்டு, நுரையீரலைப் பார்த்து, வயது, உயரம், அங்க அடையாளம் எல்லாம் எழுதி வைப்பது போஸ்ட்மார்ட்டத்தில்தான்.

தோல் வேலையும் இப்படி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல். சென்னையில் ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பேர். சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறவைத்து முடி நீக்குகிற இடம், குரோம் ஏற்றுகிற இடம், கழிவுத் தொட்டி. இந்த இடங்களில் நிற்கிறவர்கள் யார் என்று எவருக்கும் தெரியும். குரோம் பட்டுப் பட்டு விரலில் குழிப்புண் விழும். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 41-சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான பொருளைக் கையாளுகிற வேலையில் போடுவதற்கு முன் மெடிக்கல். வேலையில் இருக்கும்போதும், விட்ட பிறகும்கூட, பன்னிரண்டு மாதத்துக்கு மிகாமல் மெடிக்கல். அந்தப் பதிவுகளைத் தொழிலாளி கேட்டுப் பார்க்கலாம். இந்த நாட்டில் வேலைக்கு முந்தின மெடிக்கல் பற்றி எழுதின வாசகங்களில் எனக்குப் பிடித்த வாசகம் இதுதான். அதில் வேலைக்கு முன் பார்ப்பது எதற்கு என்றால், பின்னால் வந்த கேட்டை வேலைதான் கொடுத்தது என்று காட்டுவதற்கு. 'நீ வரும்போதே நோயோடதான் வந்த' என்று முதலாளி பேச முடியாது. ஒரே சோதனை, ஒரே எக்ஸ்ரே. காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் திரும்புகிறது.

காண்டிராக்டரிடம் தினக்கூலியாக நிற்கிறவனுக்கு அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்ததா? தொட்டி கழுவ வருகிறவன் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது; பெயரே இல்லாதவனுக்கு மெடிக்கல் எங்கே? 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இலவசமாக வருடாந்தர உடல் பரிசோதனை என்று அதிலும் பேச்சிருக்கிறது. தோல்ஷாப்பு வாசலில் என்ன நடக்கிறது என்று நம் தோழர்கள்தான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பரிசோதனை நடந்தால், ரிசல்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

இந்த இதழின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் முதல் வேலைக்குக் கொடுத்த மெடிக்கல் சர்டிபிகேட்டின் நகல் இருக்கலாம். அப்பாவுடையது, சித்தியுடையதுகூட இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். எந்த வருஷம், என்ன வேலை, சொன்ன வயது என்ன, பார்வைக்கு எழுதிய வயது என்ன, டாக்டர் தொட்டுப் பார்த்தாரா, என்ன வார்த்தை பேசினார். இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை, எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதவையுங்கள்.